சின்னானின் எச்சத்தில் சீனக் கொய்யா: தோட்டத்துப் பறவைகளைத் துரத்தலாமா?

வாசகர் கேள்வி:

நான் திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தவள். கணவரின் வேலை காரணமாக ஆறு ஆண்டுகளாக மொரீஷியஸ் தீவில், கியூர்பிப் நகருக்கு வெளியே வசிக்கிறோம். வீட்டின் பின்புறம் அரை ஏக்கர் அளவுக்கு நிலம் இருக்கிறது. அதில் மண்டிக் கிடந்த சீனக் கொய்யா, பிரிவெட் என்னும் அயல் புதர்களை ஆள் வைத்து வெட்டி அகற்றிவிட்டு, இந்தத் தீவின் சொந்த மரங்களை நடலாம் என்று நினைத்தோம். ஓராண்டு ஆவதற்குள் வேலிக் கம்பியின் கீழே வரிசையாக அதே செடிகள் முளைத்துவிட்டன. கொடைக்கானலில் என் பாட்டி வீட்டு வாசலில் பார்த்த சிவப்புக் கன்னக் கொண்டைக்குருவி இங்கேயும் ஏராளமாக இருக்கிறது. இதனை இங்கே "கொண்டே" என்கிறார்கள். ஊர் நினைவுக்காகத் தினமும் அதற்கு வாழைப்பழம் வைப்பேன். விதைகளைக் கொண்டுவந்து போடுவது அதுதான், வலை கட்டிப் பிடித்துவிடுங்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். அது உண்மைதானா? அப்படி விலங்குகளால்தான் அயல் செடிகள் பரவுகின்றன என்றால், இங்கே கரையோரத்தில் இருக்கும் எக்ரெத் தீவில் காடு வளர்ப்பதற்காக ராட்சத ஆமைகளை விட்டிருப்பது எப்படிச் சரியாகும்? டோடோ பறவை அழிந்ததால் ஒரு மரமே முளைக்காமல் போய்விட்டது என்று என் மகளுக்குப் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் உண்மையா? எங்கள் நிலத்துக்கு நாங்கள் என்னதான் செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வேலிக் கம்பியின் கீழே வரிசையாக முளைத்தன என்று நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு வரியே உங்கள் முதல் கேள்விக்குப் பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. காற்றில் பறந்து வந்த விதைகளாக இருந்தால் நிலம் முழுவதும் சிதறி முளைத்திருக்கும். மழைநீர் அடித்து வந்தவையாக இருந்தால் பள்ளத்தில் கூடியிருக்கும். கம்பியின் நேர்கீழே ஒரு கோடு போட்டதைப்போல முளைத்தவை, அந்தக் கம்பியில் உட்கார்ந்த பறவைகளின் எச்சத்தில் விழுந்த விதைகளாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மையிலிருந்து அவர் எடுத்த முடிவு சரியில்லை. அது ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் உங்கள் மற்ற கேள்விகளுக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

உங்கள் பாட்டி வீட்டு வாசலில் பார்த்த பறவை செம்மீசைச் சின்னான். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் அது பிறந்து வளர்ந்த பறவை. மொரீஷியஸுக்கோ 1892 வாக்கில் கூண்டுப் பறவையாக வந்து வெளியே பறந்து பெருகியது. பழமும் பூச்சியும் தின்னும் இந்தப் பறவை எந்தப் பழத்தையும் மென்று தின்பதில்லை. சிறு பழமாக இருந்தால் முழுதாக விழுங்கும். பெரிய பழமாக இருந்தால் சதையைக் கொத்தும்போது அதிலுள்ள சிறு விதைகளும் உள்ளே போகும். அதன் குடல் மிகவும் குட்டையானது. விழுங்கிய விதை சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிடும். அந்த நேரத்தில் பறவை எங்கே உட்கார்ந்திருக்கிறதோ அங்கேதான் விதை விழுகிறது. பட்டுப்போன மரக்கிளை, மின்கம்பி, வேலிக் கம்பி ஆகியவற்றின் கீழே அயல் செடிகள் கூட்டமாக முளைப்பது இதனால்தான்.

பறவையின் குடல் விதைக்குச் செய்யும் உதவி ஒன்றல்ல. பழத்தின் சதையோடு மண்ணில் விழும் விதை பெரும்பாலும் பூஞ்சை பிடித்து அழுகிவிடும். சில பழங்களின் சதையிலேயே முளைப்பதைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. பறவை அந்தச் சதையை நீக்கிக் கொடுத்துவிடுகிறது. கூடவே, விதையைத் தாய்மரத்தின் நிழலிலிருந்தும் அந்த நிழலில் காத்திருக்கும் பூச்சிகளிடமிருந்தும் தொலைவாகக் கொண்டுபோகிறது. இந்த இரண்டாவது உதவியைத்தான் நாம் எப்போதும் குறைத்து மதிப்பிடுகிறோம். தாய்மரத்தின் காலடியில் விழுந்த விதை நன்றாக முளைத்தாலும் மரமாவது மிகவும் அரிது.

இப்போது நான் உங்களிடம் ஒரு சிறிய வேலை கேட்கிறேன். அந்த வேலிக் கம்பியின் கீழே ஒரு பழைய வெள்ளைத் துணியை இரண்டு நாள்களுக்கு விரித்து வையுங்கள். அதில் விழும் எச்சங்களை ஒரு தேக்கரண்டியால் எடுத்து, இனிமேல் சமையலுக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய டீ வடிகட்டியில் போட்டு, குழாய் நீரில் மெதுவாக அலசுங்கள். ஊதா நிறச் சாயம் கரைந்து ஓடிய பிறகு அடியில் நிற்பவை விதைகள். ஓரளவு நீண்டு, அரிசியைவிடச் சற்றுப் பருமனாக இருந்தால் அது பிரிவெட்டாக இருக்கக்கூடும். மஞ்சளும் பழுப்புமாகக் கல்லைப்போல் கடினமாக, நம் ஊர்க் கொய்யா விதையை ஒத்திருந்தால் சீனக் கொய்யா. கடுகைவிடவும் சிறிதாக, எண்ணவே முடியாமல் மணலைப்போல் படிந்திருந்தால் பெரும்பாலும் கிளிடேமியா என்ற அயல் புதர். அதன் ஒரு பழத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட விதைகள் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் நான் முதன்முதலில் இந்த முறையில் சின்னானின் எச்சத்தை அலசிப் பார்த்தபோது, வடிகட்டியில் நின்றவற்றில் பெரும்பகுதி உண்ணிச்செடி என்ற அயல் செடியின் விதைகளாக இருந்தன. அந்தப் பறவை அதே மலையின் சொந்தப் பறவை. அது அயல் செடியைத் தேடிப் போய்த் தின்னவில்லை. அந்த இடத்தில் பழுத்திருந்ததைத் தின்றது. அன்று புரிந்துகொண்டதைத்தான் இன்றுவரை எனக்கு அடிப்படையாக வைத்திருக்கிறேன்: பறவையின் எச்சம், அது பறக்கும் தொலைவுக்குள் என்னென்ன பழுத்திருக்கின்றன என்பதன் கணக்கு. கணக்கைக் கொண்டுவரும் பறவையைப் பிடித்துவிட்டால் அங்கே பழுத்திருப்பவை குறைந்துவிடப் போவதில்லை.

உங்கள் வீட்டைச் சுற்றிலும் பழுத்திருப்பவை எவை என்று பாருங்கள். மொரீஷியஸில் நல்ல நிலையில் எஞ்சியிருக்கும் சொந்தக் காடு, தீவின் பரப்பில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு என்று கணிக்கப்பட்டிருக்கிறது. மீதியில் கரும்பும் ஊர்களும் தேயிலையும் போக, மேட்டுநிலங்களில் காடு என்று கண்ணுக்குத் தெரிவதில் பெரும்பகுதி பிரேசிலிலிருந்து வந்த சீனக் கொய்யாவும் பிற அயல் புதர்களும்தான். சீனக் கொய்யா நிழலிலும் வளரும், வெட்டினால் அடிக்கட்டையிலிருந்தும் வேரிலிருந்தும் தளிர்க்கும், ஒரு பருவத்தில் கணக்கில்லாமல் பழுக்கும். பிரிவெட்டின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. மொரீஷியஸையும் பக்கத்து ரீயூனியன் தீவையும் மூடிக்கொண்டிருக்கும் அந்தக் குறிப்பிட்ட பிரிவெட் இலங்கையைச் சேர்ந்தது என்று மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இலங்கையில் அது காட்டில் ஒரு மரம், அவ்வளவுதான். அதைத் தின்னும் பூச்சிகளும் அதனோடு போட்டியிடும் மரங்களும் அங்கே உண்டு. இங்கே அவை எதுவும் இல்லை. ஆனால் அதன் பழத்தைத் தின்று விதையைச் சுமக்கும் வகைப் பறவை, சின்னான், இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது. தெற்காசியாவில் ஒருவரையொருவர் அறிந்த செடியும் பறவையும் வேறொரு பெருங்கடலின் நடுவே மீண்டும் சந்தித்துக்கொண்டதைப்போன்ற நிலைமை இது.

அயல் செடிகளைப் பறவைகள் மட்டுமே பரப்புகின்றன என்றும் நினைத்துவிட வேண்டாம். டச்சுக்காரர்கள் 1639-இல் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த மானும், வெளியிலிருந்து வந்த காட்டுப்பன்றி, நீள்வால் குரங்கு ஆகியவையும் சீனக் கொய்யாவைத் தின்று காட்டுக்குள் கொண்டுபோகின்றன. பழப் பருவத்தில் பை நிறையப் பறித்து, உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்றபடி வழியெல்லாம் விதை துப்பிக்கொண்டு நடக்கும் மனிதர்களையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். எல்லா அயல் செடிகளும் விலங்குகளால் வருவதில்லை என்பதற்கும் ஓர் உதாரணம் உங்கள் தீவிலேயே இருக்கிறது. நம் இலக்கியங்கள் குருக்கத்தி என்றும் மாதவி என்றும் கொண்டாடும் கொடி, மொரீஷியஸில் மரங்களின் மேலேறி நெரிக்கும் கொடிகளில் ஒன்று. அதன் விதைக்கு மூன்று இறக்கைகள் உண்டு. காற்றே அதைக் கொண்டுபோய்விடும். அந்தக் கொடியை எங்கள் வீட்டுப் பந்தலில் அன்போடு வளர்த்தவன் நான். ஆகையால் அங்கே அதைக் கண்டபோது மனம் கனத்தது.

இனி, வலை கட்டுவதைப் பற்றி. வேண்டவே வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து, அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, அது பயன் தராது. செம்மீசைச் சின்னானை ஒரு தீவிலிருந்து முழுவதுமாக அகற்ற முடியும் என்று காட்டிய முயற்சி ஒன்று இந்தியப் பெருங்கடலிலேயே நடந்தது. செஷல்ஸ் நாட்டின் அசம்ப்ஷன் தீவில் பெருகியிருந்த இந்தப் பறவைகள் அருகிலுள்ள அல்டாப்ரா பவளத்தீவுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக, 2010-களில் பயிற்சி பெற்ற குழுவினர் சில ஆண்டுகள் தொடர்ந்து உழைத்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகளை அகற்றினார்கள். அந்தத் தீவோ பன்னிரண்டு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்புள்ள தட்டையான நிலம். மக்கள் மிகக் குறைவு. மொரீஷியஸோ ஏறத்தாழ 1,865 சதுர கிலோமீட்டர் பரப்பும் மலைகளும் பள்ளத்தாக்குகளும் ஆயிரக்கணக்கான தோட்டங்களும் கொண்டது. நீங்கள் பத்துப் பறவைகளைப் பிடித்தால் அந்த இடத்தைப் பிடிக்க அடுத்த வாரமே வேறு பத்துப் பறவைகள் வந்து சேரும்.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமானது. உங்கள் வலைக்குச் சின்னான் எது, மற்றவை எவை என்று தெரியாது. உங்கள் தோட்டத்தில் சாம்பல் நிறத்தில், வால்புறம் வெண்மையாக, விரலளவே உள்ள குருவிகள் கூட்டமாகக் கிளை கிளையாகத் தாவிச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாம்பல் வெள்ளைக்கண்ணி உலகில் மொரீஷியஸில் மட்டுமே வாழும் பறவை. சிறு பழங்களை அதுவும் தின்கிறது, சொந்தச் செடிகளின் விதைகளையும் பரப்புகிறது. தீவுக்கே உரிய சின்னான் இனம் ஒன்றும் உண்டு. அது அரிதாகிவிட்டது, காட்டை விட்டு வெளியே வருவதும் குறைவு. ஹவாயின் ஓவாஹு தீவில் நிலைமை இதைவிடக் கடுமையானது. பழம் தின்னும் சொந்தப் பறவைகள் அங்கே அற்றுப்போய்விட்டன. வெளியிலிருந்து வந்த சின்னான்களும் வெள்ளைக்கண்ணிகளும்தான் இன்று அயல் செடிகளின் விதைகளோடு எஞ்சிய சொந்தச் செடிகளின் சிறு விதைகளையும் சேர்த்துச் சுமக்கின்றன. அங்கே இந்தப் பறவைகளை நீக்கிவிட்டால் அந்தச் செடிகளுக்கு வேறு கதி கிடையாது. நல்ல பறவை, கெட்ட பறவை என்று பிரித்துவிடும் அளவுக்கு இந்த விஷயம் எளிதாக இல்லை.

வாழைப்பழம் வைப்பதை மட்டும் நிறுத்திவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மனம் எனக்குப் புரிகிறது. ஊரை விட்டு வந்தவருக்கு வாசலில் வந்து உட்காரும் ஒரு பழகிய பறவை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நானும் அறிவேன். ஆனால் நீங்கள் வைக்கும் பழத்தைத் தின்ன வரும் பறவை ஏற்கெனவே வேறெங்கோ பிரிவெட்டைத் தின்றுவிட்டுத்தான் வருகிறது. காத்திருக்கும் நேரத்தில் அதை உங்கள் வேலியில் இறக்கிவைக்கிறது. சொந்த மரங்களை நட்டு அவை வேரூன்றும் வரைக்கும், முதல் சில ஆண்டுகளாவது, அந்த நிலத்துக்குள் பறவைகளை விருந்துக்கு அழைக்காமல் இருப்பது நல்லது. தண்ணீர் வைக்க வேண்டுமானால் வீட்டின் முன்பக்கத்தில், கீழே சிமென்ட் தரை உள்ள இடத்தில் வையுங்கள். அங்கே விழும் விதையைப் பெருக்கித் தள்ளிவிடலாம்.

அடுத்தது ஆமை. உங்கள் ஐயம் மிக நியாயமானது. இதே கேள்வியைத்தான் ஆய்வாளர்களும் ஆமைகளை விடுவதற்கு முன்பு தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள்.

மொரீஷியஸ் தனக்கே உரிய இரண்டு வகை ராட்சத ஆமைகளைக் கொண்டிருந்தது. கப்பல்காரர்களின் உணவாகி, பன்றிகளும் எலிகளும் முட்டைகளைத் தின்று, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் பெருந்தீவிலிருந்து அவை அற்றுப்போயின. ஆமைகள் போனபோது அவற்றோடு போனது ஒரு வேலையும்கூட. சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிய விதையைச் சின்னானால் விழுங்க முடியாது. வெள்ளைக்கண்ணியால் அதில் பாதியைக்கூட விழுங்க முடியாது. பெரிய விதையுள்ள பெரிய பழங்களைத் தின்று சுமந்தவை ஆமைகளும், டோடோவும், பெரிய கிளிகளும், பழவௌவால்களும், இன்று இல்லாமல் போன ஒரு ராட்சத அரணையும்தான். இவற்றில் இன்று எஞ்சியிருப்பது வௌவால் மட்டுமே என்று சொல்லலாம்.

எக்ரெத் தீவு, மகேபூர்க்குக் கிழக்கே கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் இருக்கும் 26 ஹெக்டேர் பவளத்தீவு. அங்கே ஒருவகைக் கருங்காலி இருக்கிறது. அந்த மரத்தை விறகுக்காக வெட்டி அழித்திருந்தார்கள். வெட்டுவது நின்ற பிறகும் வெட்ட வெளியான பகுதிகளில் புதிய கன்றுகள் வரவில்லை. எஞ்சிய மரங்கள் பழுத்தன. பழங்கள் தாய்மரத்தின் காலடியிலேயே விழுந்து குவிந்தன. எடுத்துச் செல்ல ஆள் இல்லை. 2000-ஆம் ஆண்டு முதல் அல்டாப்ரா ராட்சத ஆமைகள் அங்கே கொண்டுவரப்பட்டன. இவை மொரீஷியஸ் ஆமைகளின் இனமல்ல. ஆனாலும் அவற்றைப்போலவே மேய்ந்து, பழம் தின்று, மெதுவாக நடந்து, தொலைவில் சாணம் போடக்கூடியவை. கருங்காலிப் பழங்களை அவை தின்றன. குடல் வழியே வந்த விதைகள் மற்றவற்றைவிட நன்றாக முளைத்தன. தாய்மரமே இல்லாத இடங்களில் கன்றுகள் கூட்டமாக எழுந்தன. இந்த முடிவுகள் 2011-இல் வெளியாகின. நான் அங்கே போனபோது ஒரு காய்ந்த ஆமைச் சாணத்தைக் குச்சியால் பிரித்துப் பார்த்தேன். புல்நாரும் இலைத்துண்டுகளும் வைக்கோல் திணித்த தலையணையைப்போல இறுகியிருந்தன. அவற்றின் நடுவே புளியங்கொட்டையைப்போல் பழுப்பாக, கீறலே இல்லாமல் கருங்காலி விதைகள் கிடந்தன. ஓரடி தள்ளி, அதே அளவு பழைய சாணமொன்றிலிருந்து இரண்டு இலையோடு ஒரு கன்று எழுந்து நின்றது. அதைச் சுற்றி என் உள்ளங்கையால் அணைகட்டிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

சரி, அந்த ஆமை அயல் செடியின் பழத்தைத் தின்னாதா? தின்னும். கலாபகஸ் தீவுகளில் சாந்தாகுருஸ் தீவு ஆமைகள் ஆண்டுதோறும் கடற்கரைத் தாழ்நிலத்துக்கும் ஈரமான மேட்டுநிலத்துக்கும் இடையே நடந்து செல்கின்றன. மேட்டில் இருக்கும் பண்ணைகளில் கொய்யா பழுத்துக் கொட்டுகிறது; அங்கே கொய்யா ஆக்கிரமிப்புத் தாவரம். கலாபகஸ் ஆமையின் வயிற்றில் உணவு சராசரியாக ஏறத்தாழ 12 நாள்கள், சில வேளை 28 நாள்கள் வரை தங்குகிறது என்று அளந்திருக்கிறார்கள். இத்தனை நாள்கள் நடக்கும் ஆமை, நூற்றுக்கணக்கான கொய்யா விதைகளைத் தாவரமே மாறுபட்ட வேறொரு பகுதிக்குக் கொண்டுபோய்விட முடியும். அதே ஆமைதான் தீவின் சொந்தச் செடிகளுக்கும் தலைசிறந்த சுமையாளி. அங்கே யாரும் ஆமையைக் குறை சொல்வதில்லை. கொய்யாவை என்ன செய்வது என்றுதான் யோசிக்கிறார்கள்.

எக்ரெத் தீவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. அங்கே ஆமைகளை விடுவதற்கு முன்பே எலிகளை ஒழித்து, அயல் செடிகளை ஆண்டுக்கணக்கில் களைந்திருந்தார்கள். ஆமையின் வாய்க்கு எட்டும் தூரத்தில் பழுத்திருந்தவை பெரும்பாலும் சொந்த மரங்கள். ஆமைகளை முதலில் வேலி கட்டிய இடத்தில் வைத்து, எதைத் தின்கின்றன, எதை விடுகின்றன, சாணத்தில் எவை முளைக்கின்றன என்று பார்த்த பிறகுதான் திறந்துவிட்டார்கள். தவறு என்று தெரிந்தால் ஓர் ஆமையைத் திரும்பப் பிடித்துவிடலாம், பறந்துபோன பறவையைப் பிடிக்க முடியாது. இந்த எளிய காரணமும் அவர்கள் ஆமையைத் தேர்ந்தெடுத்ததற்குப் பின்னால் உண்டு. பிறகு 2007-இல் மொரீஷியஸுக்கு வடக்கே உள்ள ரவுண்ட் தீவிலும் ஆமைகளை விட்டார்கள். ஆடுகளும் முயல்களும் தின்று மொட்டையாக்கியிருந்த அந்தத் தீவில், 1979-க்கும் 1986-க்கும் இடையில் அவற்றை அகற்றிய பிறகு அயல் புற்களும் களைகளும் பெருகின. ஆமைகள் அங்கே அந்த அயல் செடிகளையே விரும்பி மேய்ந்தன. தம் முன்னோர்களின் காலத்தில் மேய்ச்சலுக்குப் பழகித் தற்காத்துக்கொண்ட சொந்தச் செடிகளைப் பெரும்பாலும் தவிர்த்தன. இது எல்லாத் தீவுகளுக்கும் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஒவ்வொரு இடத்திலும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஊர்வனவற்றைப் பற்றிக் கேட்டதால் ஒரு பல்லியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. உலகத்தில் எங்கே பார்த்தாலும் பல்லியும் அரணையும் பெரும்பாலும் பூச்சி தின்பவை. தீவுகளில்தான் அதிகமாகப் பழத்துக்கும் தேனுக்கும் இறங்கிவருகின்றன. பூச்சிகள் குறைவு, தம்மை வேட்டையாடும் விலங்குகளும் குறைவு, ஆகையால் பூவிலும் பழத்திலும் நின்று நிதானமாக நக்க நேரம் கிடைக்கிறது. மொரீஷியஸ் மலைகளில் ரூசியா என்றொரு படர்செடி உண்டு. அதன் பேரினத்தில் அது ஒன்றே ஒன்றுதான். அதன் பழம் ஒருவகைப் பசையைக் கசியவிடும். தூசு போன்ற விதைகள் அந்தப் பசைக்குள் இருக்கும். நீலவால் பகல்பல்லி வந்து அதை நக்கி உண்டு விதைகளைப் பரப்புகிறது. அதே பல்லிதான் அந்தச் செடியின் பூவில் தேன் குடித்து மகரந்தத்தையும் கொண்டுபோகிறது. ஒரு செடி பூவுக்கும் விதைக்கும் ஒரே பல்லியை நம்பியிருப்பது தாவர உலகில் அபூர்வத்திலும் அபூர்வம். வெளியிலிருந்து வந்த ஒருவகை எறும்பு, மாவுப்பூச்சிகளைக் காப்பதற்காக அந்தப் பூக்களையும் பழங்களையும் மண்ணால் மூடி, வரும் பல்லிகளைக் கடித்து விரட்டுகிறது. எறும்பு மொய்த்த செடியில் விதை பரவுவது நின்றுபோகிறது. ஒரு செடியை அழிக்க அதை வெட்டத்தான் வேண்டும் என்பதில்லை. அதற்கு வேலை செய்பவரைத் தடுத்தாலே போதும். உங்கள் வீட்டுச் சுவரில் பச்சையும் நீலமுமாகப் பகலில் திரியும் பல்லியைக் கண்டால் துடைப்பத்தை எடுக்காதீர்கள் என்று உங்கள் வீட்டாரிடமும் சொல்லிவையுங்கள்.

டோடோ விஷயத்தில் உங்கள் மகளுக்குச் சொன்னது பழைய கதை. தம்பலகோக் என்ற மரம் டோடோவின் இரைப்பையில் அரைபட்டால்தான் முளைக்கும், 1600-களில் டோடோ அற்றுப்போனதால் முந்நூறு ஆண்டுகளாக ஒரு கன்றுகூட வரவில்லை என்று ஸ்டான்லி டெம்பிள் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1977-இல் எழுதினார். பதினேழு விதைகளை வான்கோழிகளுக்கு ஊட்டினார். பத்து விதைகள் உடையாமல் வெளிவந்தன. அவற்றில் மூன்று முளைத்தன. ஆனால் ஊட்டாத விதைகளை அருகில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. டோடோ போன பின்பு முளைத்த மரங்களும் காட்டில் இருக்கின்றன, விதையை அரைக்காமலும் முளைக்க வைக்கலாம் என்று பிறகு தெரியவந்தது. அந்த மரம் அரிதாகிப்போனதற்குக் காடு அழிந்ததும், பழத்தைப் பழுக்கவிடாமல் பறித்துப் போடும் குரங்குகளும், சீனக் கொய்யா போன்றவற்றின் நெருக்கமும் பெரிய காரணங்கள். டோடோவும் அந்தப் பழத்தைத் தின்றிருக்கும், ஆமையும் தின்றிருக்கும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: ஒரு மரத்துக்கு ஒரே ஒரு தோழன் என்பது அரிது, பல தோழர்கள் இருந்தார்கள், ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

இனி உங்கள் நிலம். வெட்டியது சரி, வெட்டியபின் விட்டுவிட்டதுதான் குறை. சீனக் கொய்யாவை ஒருமுறை வெட்டினால் அது தீராது. அடிக்கட்டைகளில் வரும் தளிரை விரல் நீளத்தில் இருக்கும்போதே கிள்ளிவிட வேண்டும், விடாமல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு. விதையிலிருந்து வந்த கன்றுகளை நல்ல மழை பெய்த மறுநாள் வேரோடு பிடுங்குங்கள். கியூர்பிப்பில் அப்படிப்பட்ட நாள்களுக்குப் பஞ்சமே இல்லை. பிடுங்கியதை ஈரத்தரையில் போட்டால் மீண்டும் வேர்விட வாய்ப்புண்டு, ஆகையால் வேர் மேலே தெரியும்படி கல்லின் மேலோ கம்பியின் மேலோ காயப்போடுங்கள். பழத்தோடு இருக்கும் கிளைகளை உரக்குழியில் போடவே கூடாது. வேலிக் கம்பியின் கீழே இரண்டடி அகலத்துக்குத் தடித்த அட்டையையும் அதன் மேல் கரும்புச் சக்கையையோ காய்ந்த இலையையோ பரப்பிவைத்தால், விழும் விதைகளில் பல மண்ணைத் தொடாமலே போகும். தப்பி வந்தவற்றைப் பிடுங்குவதும் எளிது. மாதத்துக்கு ஒருமுறை, அந்த ஒரு கோட்டை மட்டுமாவது நடந்து பாருங்கள்.

உங்கள் எல்லைக்குள் பழுக்கும் பிரிவெட் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. பக்கத்து நிலத்தில் பழுத்து நின்றால் அவரிடம் பேசிப் பாருங்கள். வலை வாங்கும் காசுக்கு அந்தப் புதரைப் பழுப்பதற்கு முன்பே வெட்டிவிடலாம் என்று சொல்லுங்கள். பறவை மேல் அவருக்கு இருக்கும் கோபத்தை அந்தப் புதரின் மேல் திருப்ப முடிந்தால் இருவருக்கும் நன்மை.

நடுவதில் ஒரு திட்டம் வேண்டும். சிறு பழமுள்ள சொந்தச் செடிகளை முதலில் நடுங்கள். ஃபாந்தாமான் என்று அங்கே தேநீர் போட்டுக் குடிக்கும் செடி அப்படிப்பட்டது. அதன் வெண்ணிறச் சிறுபழம் பறவைகளுக்கு ஏற்றது. அரோங் மரமும் வேகமாக வளர்ந்து நிழல் தரும். இவை பழுக்கத் தொடங்கினால் உங்கள் வேலியில் உட்காரும் அதே சின்னானும் வெள்ளைக்கண்ணியும் இவற்றின் விதைகளையும் சுமக்கும். முன்பு தொல்லையாக இருந்த அதே கம்பி அப்போது உங்களுக்காக வேலை செய்யும். பெரிய விதையுள்ள மரங்கள் வேறு வகை. கருங்காலி, தம்பலகோக் போன்றவற்றைக் கொண்டுவர உங்கள் தோட்டத்துப் பறவை எதனாலும் முடியாது. அவற்றுக்கு நீங்கள்தான் ஆமையாக வேண்டும்: விதையின் சதையை நன்றாகக் கழுவி நீக்கி, தொட்டியில் முளைக்கவைத்து, நிழல் விழும் இடத்தில் ஒன்றுக்கொன்று தள்ளி நட வேண்டும். விதைகளையும் கன்றுகளையும் காட்டிலிருந்து நீங்களாக எடுக்காதீர்கள். தேசியப் பூங்காக்கள் மற்றும் பாதுகாப்புச் சேவையின் அலுவலகத்தில் கேட்டால் எங்கே வாங்கலாம், மேட்டுநிலத்துக்கு எவை பொருந்தும் என்று சொல்வார்கள். உண்மையான ஆமையை வாங்கித் தோட்டத்தில் விடும் எண்ணம் யாருக்காவது இருந்தால் கைவிடச் சொல்லுங்கள். இருநூறு கிலோவுக்கு மேல் எடை வளர்ந்து, நூறாண்டு தாண்டி வாழும் அந்த உயிரை அரை ஏக்கரில் வைத்துக் காப்பது முடியாத காரியம். சுற்றிலும் சீனக் கொய்யா பழுக்கும் இடத்தில் அது கொய்யாவைத்தான் நடும்.

கடைசியாக, ஊரிலிருந்து வரும்போது விதை கொண்டுவருவதை நிறுத்துங்கள். நாவல் மரம் அந்தத் தீவுகளில் ஏற்கெனவே காடேறிவிட்ட ஒன்று. நாவற்பழம் யாருக்குத்தான் பிடிக்காது, ஆனால் பறவைக்கும் வௌவாலுக்கும் பிடிக்கும் என்பதுதான் சிக்கல். கறிவேப்பிலைக்கும் சின்னான்கள் தின்னும் பழம் உண்டு. வளர்க்கிறீர்கள் என்றால் பூக்கும்போதே கொத்தைக் கிள்ளிவிடுங்கள், இலைக்கு ஒரு குறையும் வராது.

துணியை விரித்து வடிகட்டியில் அலசியவற்றில் பாதியை ஒரு தொட்டியில் விதையுங்கள், மீதியை வெள்ளைத் தாளில் பரப்பி அருகே ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். முளைத்து நான்கு இலை விட்டதும் இன்னொரு படம் அனுப்பினால், எதைப் பிடுங்க வேண்டும், எதை விட்டுவைக்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியும். மகளையே எண்ணச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தாவரச் சூழலியல் ஆலோசகர்